தேய்ச்சா சரியாகாது மச்சி!

காலை நேரம். தாம்பரம் ஸ்டேஷன். பீச் வண்டி கிளம்பப் போகுது. ஜன்னல் சீட்டைப் பிடிக்க ஓடுற ஓட்டத்துல, தொடை கதவுக் கம்பியில 'ணங்'! அப்போ ஒண்ணும் தெரியாது. சாயந்திரம் பார்த்தா கத்திரிக்காய் கலர்ல வீங்கி நிக்கும். வீடுன்னா, பாட்டி தைலத்தோட வருவாங்க. ஹாஸ்டல்னா, 'அழுத்தித் தேய்ச்சா ரத்தக்கட்டு கரைஞ்சிடும் மச்சி'ன்னு ரூம்மேட் களத்துல இறங்குவான். ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுடுங்க!

ஏன் தேய்க்கக் கூடாது? மேலே தோல் கிழியலை. ஆனா, உள்ளே மெல்லிசான ரத்தக்குழாய்கள் உடைஞ்சு, ரத்தம் கசிஞ்சு தேங்கியிருக்கு. உடைஞ்ச இடத்தை உடம்பே அடைச்சுட்டு இருக்கும்போது, நீங்க தேய்ச்சா மறுபடியும் கசியும். சூடு பட்டா குழாய் விரிஞ்சு கசிவு கூடும். அதனால முதல் ரெண்டு நாள் வெந்நீர் ஒத்தடம், சுடச்சுட புளி - உப்புப் பத்து எல்லாத்துக்கும் லீவு.

அப்போ என்னதான் செய்யறது? ஐஸ்! கட்டியைத் துணியில சுத்தி, 15 நிமிஷம் வைங்க. நாளைக்கு நாலைந்து தடவை. வெறும் ஐஸைத் தோல்மேல வைக்காதீங்க, புண்ணாகிடும். ஹாஸ்டல்ல ஃப்ரிட்ஜ் இல்லையா? பெட்டிக்கடையில ஒரு கூலிங் வாட்டர் பாட்டில் போதும். அடிபட்டது கால்னா, தலையணை மேல தூக்கி வெச்சுப் படுங்க. மூணாம் நாள்லேர்ந்து வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் ஓகே. ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறையறதைத் தடுக்கும்.

நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளானா பதறாதீங்க. தேங்கின ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை உடம்பு உடைச்சுக் காலி பண்ணுது. பச்சைக்குக் காரணம் பிலிவெர்டின். மஞ்சளுக்கு பிலிரூபின். காமாலை வந்தா கண்ணை மஞ்சளாக்குதே, அதேதான்! ரெண்டு வாரத்துல எல்லாம் மறைஞ்சிடும்.

ஆனா, எங்கேயும் இடிக்காமலே கன்னிப்போனா?

இங்கேதான் விளையாட்டு வேணாம். மழை சீஸன்ல காய்ச்சலோட தோல்ல சிவப்புப் புள்ளிகளோ, நீலத் திட்டுகளோ வந்தா, டெங்குவா இருக்கலாம். 2017-ல் மட்டும் தமிழ்நாட்டுல 20 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு வந்துச்சு. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட், குறைஞ்சது ஒண்ணரை லட்சம் இருக்கணும். டெங்குல அது சரசரன்னு இறங்கும். காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு இன்டர்னல் டெஸ்ட்னு பையைத் தூக்காதீங்க. பல பேருக்கு ஆபத்து ஆரம்பிக்கறதே காய்ச்சல் இறங்கற அந்த ரெண்டு நாள்லதான். வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுலயோ மூக்குலயோ ரத்தம் - எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டெங்கு சந்தேகம் இருந்தா ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் பக்கமே போகாதீங்க.

தலையில அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தா, கால் ஊன முடியலைன்னா, வீக்கம் கல்லு மாதிரி இறுகி மரத்துப்போனா, அதுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. 108-க்கு ஒரு போன் போடுங்க.

சிம்பிளா ஞாபகம் வெச்சுக்கங்க... அடிபட்ட இடத்துக்கு ஐஸ், அடிபடாமலே கன்னிப்போனா டாக்டர்!