அபூர்வப் பறவை தேடி வர்றவங்களுக்கு

மார்கழி பொறந்துட்டா கோடியக்கரை ரோட்டுல வெளியூர் காருங்க கூடிரும். வரட்டும், சந்தோஷம்தான். ஆனா இறங்கினதும் பாதிப் பேர் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "அபூர்வமா ஏதாவது வந்திருக்கா?"

எனக்கு இந்தக் கேள்வியிலதான் கோவம் வருது.

வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேர்ற முனை கோடியக்கரை. 1967-லயே சரணாலயம் ஆச்சு, 2002-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்தது. சைபீரியாவுல இருந்து கொசு உள்ளான் இங்க கூட்டம் கூட்டமா வருது. சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். அதைப் பாத்ததும் "இது சாதாரணம்"னு கேமராவைத் திருப்பிக்கிறாங்க.

கரண்டி மூக்கு உள்ளான்னு ஒண்ணு இருக்கு. ரஷ்யாவோட வடகிழக்குக் கோடியில குஞ்சு பொரிக்குது. உலகத்துலயே சில நூறுதான் மிச்சம். அது கோடியக்கரைக்கு வந்ததாவும் பதிவு இருக்கு. தனியாவா வந்து நிக்கும்? தூரத்துல பாத்தா கொசு உள்ளான் மாதிரியே இருக்கும், இந்த மாதிரி சின்ன உள்ளான் கூட்டத்தோட கூட்டமாத்தான் சேத்துல மேயும். சாதாரணக் கூட்டத்தை விரட்டிட்டு அபூர்வத்தை எங்க போய்த் தேடுவீங்க?

விரட்டத்தான் செய்யறாங்க. பூநாரை நின்னு மேஞ்சா படம் எடுபடாதாம், பறக்கணுமாம். அதுக்காகக் கை தட்டுறது, கிட்ட ஓடுறது, ட்ரோன் விடுறது. பூநாரை சும்மா எழும்பிடாது, தண்ணி மேல ஓடித்தான் எழும்பும். உங்களுக்கு அது அஞ்சு செகண்டு வீடியோ. அதுக்கு, காலையிலேருந்து தின்ன தீனி போச்சு. உள்ளானும் பங்குனி வாக்குல வடக்கே கிளம்புறதுக்குள்ள உடம்புல கொழுப்பு ஏத்தியாகணும். அவ்வளவு தூரத்துக்கு அதுதான் டீசல். மேயுற மாட்டைப் பத்து தடவை துரத்திட்டு, சாயந்தரம் பால் கம்மின்னு மாட்டையா குத்தம் சொல்றது?

"படம் போட்டாத்தானே விழிப்புணர்வு வரும்"பீங்க. படத்தோட இடத்தையும் சேத்துல்ல போடுறீங்க! அடுத்த ஞாயித்துக்கிழமை அதே இடத்துல கார் வரிசை, ஈரச் சேத்துல டயர் தடம்.

எங்க பக்கத்து ஆளு கண்ணி வெச்சு ஒரு உள்ளானைப் புடிச்சா 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். பாயணும், அதுல எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனா ட்ரோன் விட்டு ஒரு கூட்டத்தையே கலைக்கிறது மட்டும் எப்படிங்க பறவை நேசம் ஆச்சு?

வாங்க, வேணாங்கலை. வண்டியை ரோட்டுலயே நிறுத்துங்க. பைனாகுலர் கொண்டாங்க. மேய்ஞ்சிட்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களைப் பாத்தா, அதுக்கு மேல ஒரு எட்டு வைக்காதீங்க. அந்தச் சாதாரணக் கொசு உள்ளானை அரை மணி நேரம் பாருங்க. அபூர்வம் இருந்தா அந்தக் கூட்டத்துலதான் இருக்கும். இல்லாட்டியும், இத்தனூண்டு குருவி சைபீரியாவுல இருந்து வந்திருக்கே, அதைவிட என்ன அபூர்வம் வேணும் உங்களுக்கு?