பயிற்சியாளருக்கு மட்டும் ஏன் மெமோ?

பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். குடும்ப விசாரிப்பு ஐந்து நிமிஷம், ஃபுட்பால் அரை மணி நேரம். கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும் அபாயத்தில் இருக்கும் ஒரு கிளப், தன் பயிற்சியாளரை வைத்துக்கொள்ள வேண்டுமா, வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்பதில் எங்கள் இருவருக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. "பெரியப்பா, நீங்க கவர்மெண்ட்ல இருந்தவங்க. அங்க யாரையும் தூக்க முடியாது. அதான் இப்படிப் பேசறீங்க. விசுவாசம் பாயிண்ட் குடுக்குமா?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். போனில் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஃபுட்பால் பார்க்காத நண்பர்களுக்காக ஒரு வரி. ஐரோப்பிய லீக்குகளில் சீசன் முடிவில் கடைசி இடங்களில் இருக்கும் அணிகளை அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். நம் சர்வீஸ் பாஷையில் ரிவர்ஷன். டிவி பணம் சுருங்கிப்போகும், நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டி வரும், அலுவலகத்திலும் டிக்கெட் கவுண்டரிலும் இருக்கும் சிப்பந்திகள் சிலருக்கு வேலை போகும். ஆகவே அந்தப் பயம் நிஜமான பயம். அதைக் கேலி செய்ய மாட்டேன். பயத்தில் கிளப் தலைவர்கள் முதலில் கை வைக்கும் இடத்தைத்தான் கேள்வி கேட்கிறேன்.

என் கட்சி இதுதான்: சீசன் நடுவில் பயிற்சியாளரை அனுப்புவது பெரும்பாலும் கிளப்பைக் காப்பாற்றச் செய்யும் காரியம் அல்ல, தலைவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் காரியம். இறங்கினாலும் சரி என்று அவரை வைத்துக்கொள்ளும் கிளப்தான் பல நேரம் சீக்கிரம் எழுந்து நிற்கிறது.

இதற்கு 2023 ஜூன் 3-ம் தேதி இரவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பிரெஞ்சு லீகின் கடைசி நாள். அந்த வருஷம் லீகை 20 அணியிலிருந்து 18 ஆகக் குறைப்பதற்காக நான்கு அணிகளை இறக்கினார்கள். மூன்று அணிகள் முன்பே போய்விட்டன. நான்காவது யார் என்பது நாந்த்துக்கும் ஒஸேருக்கும் இடையே. (டிவியில் சிலர் 'ஆக்ஸேர்' என்கிறார்கள். எழுத்தில் எக்ஸ் இருந்தாலும் உச்சரிப்பு 'ஒஸேர்'தான். என் பழைய பிரெஞ்சு வாத்தியார் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.)

நாந்த் என்ன செய்தது? சீசன் முடிய நான்கு ஆட்டங்கள் இருக்கும்போது பயிற்சியாளர் அந்த்துவான் கொம்புவாரேயை அனுப்பியது. அதற்கு முந்தைய வருஷம் மே மாதம்தான் அவர் அந்த ஊருக்கு பிரெஞ்சுக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் இடத்தில் ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த பியேர் அரிஸ்தூயை உட்கார வைத்தார்கள். ஒஸேர் தன் பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் பெலிஸியேயை அப்படியே வைத்திருந்தது.

கடைசி நாளில் நாந்த், அடிமட்டத்தில் கிடந்த ஆன்ழே அணியை 1-0 என்று ஜெயித்தது. ஒஸேர் சொந்த மைதானத்தில், பாரீஸ் அணிக்கு அடுத்த இடத்தில் இருந்த லான்ஸிடம் 3-1 என்று தோற்றது. நாந்த்துக்கு 36 புள்ளி, ஒஸேருக்கு 35. ஒரே ஒரு புள்ளி. தம்பி மகன் அன்றைக்கே போன் செய்தான்: "பாத்தீங்களா பெரியப்பா?"

பார்த்தேன். ஆனால் அவன் அன்றோடு பார்ப்பதை நிறுத்திவிட்டான். நான் மேற்கொண்டும் பார்த்தேன்.

நாந்த்தைக் காப்பாற்றிய அரிஸ்தூயை அதே வருஷம் நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஜோஸ்லின் கூர்வெனெக். அவரை 2024 மார்ச்சில் அனுப்பினார்கள். மறுபடியும் அதே அபாயம். இப்போது யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? கொம்புவாரேயைத்தான்! பத்து மாதம் முன்பு 'இவர் இருந்தால் இறங்கிவிடுவோம்' என்று துரத்திய அதே மனிதரை, 'இவர் வந்தால்தான் தப்பிப்போம்' என்று கூட்டி வந்தார்கள். அவரும் வந்து தப்ப வைத்தார். அப்படியானால் முதல் முறை எதற்காக அனுப்பினார்கள் என்று யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் தேவலை.

ஒஸேர்? இறங்கிய பிறகும் பெலிஸியேயை மாற்றவில்லை. அடுத்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் முதல் இடம். 2024-ல் மேலே. அடுத்த சீசன் முடிவில், 2025 மே மாதம், ஒஸேர் 11-வது இடம், நாந்த் 13-வது. ஒரு புள்ளி தப்பியவர்களைவிட ஒரு புள்ளியில் விழுந்தவர்கள் இரண்டே வருஷத்தில் மேலே. இத்தனைக்கும் ஒஸேர் நம் நடுத்தர டவுன் ஒன்றைவிடச் சின்ன ஊர். ஏறக்குறைய 35,000 பேர். கிளப்பை 1905-ல் ஆரம்பித்தவர் ஒரு பாதிரியார், ஸ்டேடியத்துக்கே அவர் பெயர்தான்.

நாந்த் மேல் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், அது ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன கிளப். புதுச்சேரியில் நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், பல வாரம் தாமதமாக வரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அந்த மஞ்சள் சட்டைக்காரர்களைப் பற்றி எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். 1965, 1966 இரண்டு வருஷமும் அவர்கள்தான் சாம்பியன். பயிற்சியாளர் ஹோசே அரிபாஸ் ஸ்பெயினிலிருந்து வந்த அகதி. 1960-லிருந்து 2001 வரை, நாற்பத்தொரு வருஷத்தில், அந்தக் கிளப்பில் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஐந்தே பேர். எட்டு முறை சாம்பியன். எல்லாம் அந்தக் காலகட்டத்தில்தான்.

ஐந்தாமவர் ரேய்னால் தெனுவே. 2001 மே மாதம் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் டிசம்பரில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது என்று அனுப்பப்பட்டார். ஏழு மாதம்! அவர் ஸ்பெயினுக்குப் போய் ரியால் சோசியேதாத் அணியை 2003-ல் இரண்டாம் இடத்துக்குக் கொண்டு வந்தார், ரியால் மாட்ரிட்டுக்கு இரண்டே புள்ளி பின்னால். அவரை அனுப்பிய நாந்த் 2007-ல், 44 வருஷத்துக்குப் பிறகு, முதல் டிவிஷனை விட்டே இறங்கியது. அந்த வருஷம் வால்தெமார் கிதா என்ற தொழிலதிபர் கிளப்பை வாங்கினார். அவர் காலத்தில் வந்து போன பயிற்சியாளர்கள் பதினைந்துக்கும் மேல். பட்டம் ஒன்றும் திரும்பி வரவில்லை. கொம்புவாரே வாங்கிய அந்த ஒரு கோப்பைதான் மிச்சம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்க மாட்டேன். அதே நாந்த்தில் 2020 டிசம்பரில் ரேமோன் தொமெனெக்கைக் கொண்டு வந்தார்கள். உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை பிரான்சைக் கூட்டிப்போனவர், ஆனால் கிளப் வேலையை விட்டு ரொம்ப காலம் ஆகியிருந்தது. லீகில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் பிப்ரவரியில் போனார். அப்போது வந்த கொம்புவாரேதான் முதல் முறை கிளப்பைக் காப்பாற்றினார். அந்த மாற்றம் சரி. வேலைக்கு எடுத்த முதல் நாளே தவறான ஆள் என்றால், எத்தனை சீக்கிரம் அனுப்புகிறார்களோ அத்தனை நல்லது. இங்கிலாந்தில் லெஸ்டர் 2016-ல் பட்டம் வாங்கிக் கொடுத்த ரானியேரியை ஒன்பது மாதத்தில் அனுப்பியபோது உலகமே திட்டியது. அணி 12-வது இடத்தில் பத்திரமாக முடித்தது. அதுவும் நடந்ததுதான்.

ஆனால் 'அனுப்பினோம், பிறகு ஜெயித்தோம், ஆகவே அனுப்பியதால் ஜெயித்தோம்' என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பாஸ் தெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளியல்காரர் 1986 முதல் 2004 வரை தங்கள் நாட்டு லீகை எடுத்துப் பார்த்தார். சரிவில் பயிற்சியாளரை மாற்றிய அணிகளை, அதே மாதிரி சரிந்தும் மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டார். மாற்றாதவர்களும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டிருந்தார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம், மறுநாள் இறங்கினால் பெயர் மந்திரித்தவருக்கு.

நான் வேலை பார்த்த ஒரு செக்‌ஷனில் மூன்று வருஷத்தில் நான்கு சூப்பரிண்டெண்டெண்ட் மாறினார்கள். ஃபைல் தேங்குகிறது என்று மெமோ வரும், ஆள் மாறுவார். புதிதாக வருபவர் முதல் வாரம் பெண்டிங் லிஸ்ட் கேட்பார், இரண்டாவது வாரம் ரெஜிஸ்டரின் கட்டங்களை மாற்றச் சொல்வார். பழைய ரெஜிஸ்டரைப் புதியதில் பெயர்த்து எழுதவே எங்களுக்கு ஒரு மாதம் போகும். ஃபைல்கள் அங்கேயேதான் இருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும்: ஐந்து காலியிடம் நிரப்பப்படவில்லை. நிரப்ப வேண்டியவர்களுக்கு ஒருநாளும் மெமோ வந்ததில்லை. ஆகவே தம்பி மகன் சொல்வது போல கவர்மெண்ட் உத்தியோகம் எனக்குச் சோம்பேறித்தனமான பொறுமையைக் கற்றுக்கொடுக்கவில்லை. தலைமாற்றம் எதை மறைக்கிறது என்பதைத்தான் கற்றுக்கொடுத்தது.

நாரிச் கதை அச்சாக இதுதான். ஜெர்மானியர் டேனியல் ஃபார்க்கே அந்த அணியை 2019-ல் மேலே கொண்டு வந்தார். 2020-ல் கடைசி இடம், இறங்கினார்கள். அவரை வைத்துக்கொண்டார்கள். 2021-ல் 97 புள்ளியோடு மறுபடி சாம்பியனாகி மேலே வந்தார். இதுவரை என் கட்சி. அந்த நவம்பரில், பிரெண்ட்ஃபோர்டை ஜெயித்து சீசனின் முதல் லீக் வெற்றி கிடைத்த சில மணி நேரத்தில் அவரை அனுப்பினார்கள். புது ஆள் வந்தும் அணி கடைசி இடத்தில்தான் முடித்தது. இப்போது இறங்கவும் இறங்கியாயிற்று, ஏற்றிவிடத் தெரிந்தவரும் கையில் இல்லை. ஃபார்க்கே 2025-ல் லீட்ஸ் அணியை 100 புள்ளியோடு மேலே ஏற்றினார்.

'விசுவாசம் பாயிண்ட் குடுக்குமா' என்ற கேள்வியில் எனக்குப் பிடிக்காதது 'விசுவாசம்' என்ற சொல்தான். அது ஏதோ கருணை மாதிரி ஒலிக்கிறது. கீழ் டிவிஷனிலிருந்து ஏறிவர எந்தப் பையனை விற்கலாம், எவனை விடக்கூடாது, அகாடமியில் யார் தயார் என்று அந்த நேரத்தில் கிளப்பில் அதிகம் தெரிந்த ஆள் பயிற்சியாளர்தான். அவரை அனுப்புவது கணக்குப் புத்தகத்தைக் கிழித்துவிட்டு ஆடிட்டுக்கு உட்காருவது போல.

ஒஸேரையும் நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. 2012-ல் அவர்களும் மார்ச் மாதத்தில் ஆளை மாற்றிப் பார்த்து, 32 வருஷத்துக்குப் பிறகு இறங்கினார்கள். 2022-ல் மேலே கொண்டு வந்த ஃபுர்லானை அக்டோபரிலேயே அனுப்பிவிட்டுத்தான் பெலிஸியேயை எடுத்தார்கள். இறங்கிய பிறகு அவரை வைத்துக்கொண்டதற்குத்தான் என் பாராட்டு.

ஆட்டக்காரர்களைக் கோடையிலும் ஜனவரியிலும் மட்டும்தான் வாங்கலாம் விற்கலாம் என்று விதி இருக்கும்போது, பயிற்சியாளருக்கும் அப்படி ஒன்று ஏன் இல்லை? பிரேசிலில் 2021-ல் முயன்றார்கள்: முதல் டிவிஷன் கிளப் ஒரு சீசனில் ஒரு பயிற்சியாளரைத்தான் நீக்கலாம் என்று. கிளப்புகள் உடனே வழி கண்டுபிடித்தன. நீக்கினோம் என்று எழுதாமல் 'பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்தோம்' என்று எழுதின. அது கணக்கில் வராது. அடுத்த வருஷம் விதியையே கைவிட்டார்கள். டிராஃப்ட் போட்ட குமாஸ்தா யாரோ, அனுபவம் போதாதவர். நான் போட்டிருந்தால் முதல் பத்தியிலேயே 'எக்காரணம் கொண்டும், பரஸ்பர சம்மதம் உட்பட' என்று சேர்த்திருப்பேன்.