கீறல்கள் இருக்கட்டும்

பழைய படத்தைப் புதுப்பித்து வெளியிடுகிறோம் என்று யாராவது சொன்னால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எதையெல்லாம் மாற்றினீர்கள்?" என்பதுதான். நாம் அதைக் கேட்பதே இல்லை. படம் பளிச்சென்று இருக்கிறதா, ஒலி நான்கு பக்கமும் அதிர்கிறதா, அது போதும். விசிலடித்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம். கடந்த பருவ விடுமுறையில் ஒரே படத்தின் மூன்று பிரதிகளை அடுத்தடுத்துப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தமிழ்ப் படமன்று. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் நம் படங்களைப் பற்றிப் பேச முடியாது என்பது என் கருத்து.

படத்தின் பெயர் 'மெட்ரோபோலிஸ்'. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய மௌனப் படம். கதை, அப்போது அவருடைய மனைவியாக இருந்த தேயா ஃபான் ஹார்பு. மண்ணுக்கு மேலே வானளாவிய கட்டடங்களில் செல்வந்தர்கள்; மண்ணுக்கு அடியில் இயந்திரங்களோடு மாரடிக்கும் தொழிலாளர்கள். நகரத்தை ஆளும் ஃபிரெடர்சனின் மகன் ஃபிரெடர் கீழே இறங்கி வந்து அந்த வாழ்க்கையைப் பார்த்து அதிர்கிறான். தொழிலாளர்கள் நம்பும் மரியா என்ற பெண்ணின் உருவத்தில் ரோட்வாங் என்ற விஞ்ஞானி ஓர் இயந்திர மனுஷியைச் செய்து ஏவிவிடுகிறான். சிறுவயதில் 'எந்திரன்' பார்த்து வாய் பிளந்த தலைமுறை நாம். அந்தச் சிட்டிக்கெல்லாம் இவள் கொள்ளுப்பாட்டி.

1927 ஜனவரி 10ஆம் நாள் பெர்லினில் முதல் காட்சி. அன்று காட்டிய படத்தின் நீளம் 4,189 மீட்டர். அந்த முழுப் படத்தைப் பல பத்தாண்டுகள் உலகம் பெரும்பாலும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் வெளியிடுவதற்காக சானிங் போலாக் என்ற நாடக ஆசிரியரிடம் கொடுத்து வெட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியிலேயே 3,241 மீட்டராகக் குறைத்து வெளியிட்டார்கள். ஏறக்குறையக் கால் பங்கு போயிற்று. 1936இல் இன்னும் வெட்டி ஒன்றரை மணி நேரப் படமாக்கினார்கள். உலகம் 'மெட்ரோபோலிஸ்' என்று அறிந்தது இந்தக் குறைப் பிரதிகளைத்தான்.

வெட்டியவர்கள் எதை வெட்டினார்கள் என்பதுதான் சுவாரசியம். ரோட்வாங் காதலித்த பெண்ணின் பெயர் ஹெல். அவள் ஃபிரெடர்சனை மணந்து, ஃபிரெடரைப் பெற்று இறந்துவிட்டாள். அவளுக்கு ஒரு நினைவுச் சிலை வைத்து, அவளையே இயந்திரமாக மீட்கப் பார்க்கிறான் ரோட்வாங். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல் ஒலிக்கிறது என்று அவளையே கதையிலிருந்து நீக்கிவிட்டார் போலாக். விளைவு? துக்கத்தில் புத்தி பேதலித்த மனிதன் வெறும் கிறுக்கு விஞ்ஞானியாகிவிட்டான்.

அடுத்து வெட்டுப்பட்டவன் 11811 என்ற எண்ணைக் கொண்ட தொழிலாளி. ஃபிரெடர் அவனோடு உடையை மாற்றிக்கொண்டு அவன் இயந்திரத்தில் தான் நிற்கிறான். குறைப் பிரதிகளில் அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளி என்ன ஆனான் என்ற பேச்சே இல்லை. முழுப் படத்தில் அவனுக்கென்று ஒரு கதை இருக்கிறது. முதலாளி மகனின் சட்டைப் பையில் பணம் இருக்கிறது, வாழ்நாளில் முதல்முறையாகக் காரில் போகிறான், யோசிவாரா என்ற கேளிக்கை விடுதியின் விளம்பரத் தாளைப் பார்த்து மனம் தடுமாறுகிறான். படத்தின் பிற்பகுதியில் ஃபிரெடருக்காகக் கத்திக்குத்தை அவன் ஏற்கும்போது அவன் யாரென்று நமக்குத் தெரிந்திருக்கிறது. பெரட்டுக் களத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, எண்ணால் அழைக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் கதைதான் கத்தரிக்கு முதல் பலி என்பது ஆச்சரியமாக இருக்காது.

இனி, நான் பார்த்த மூன்று பிரதிகள்.

முதலாவது 1984இல் இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் செய்தது. 83 நிமிடம். காட்சிகளுக்கு வண்ணம் பூசி, எழுத்து அட்டைகளை எடுத்துவிட்டு அடியில் வசனம் ஓடவிட்டு, ஃபிரெடி மெர்குரி முதலானோரின் பாடல்களைச் சேர்த்திருக்கிறார். பண்டிதர்கள் இதைத் திட்டுவார்கள். என் விடுதி அறைத் தோழருக்கு மூன்றிலும் இதுதான் பிடித்தது. நானும் இதை வெறுக்கவில்லை. மொரோடர் தம் கைவேலையை மறைக்கவில்லையே! 1927இல் மின்கித்தார் இருந்தது என்று யாரும் ஏமாறப் போவதில்லை. விடுபட்ட சில இடங்களுக்கு நிழற்படங்களைத் தேடிப் பிடித்து வைத்த அக்கறையும் அவருக்கு இருந்தது.

இரண்டாவது, 2001இல் ஜெர்மனியின் முர்னாவ் அறக்கட்டளை வெளியிட்டது. மார்ட்டின் கோர்பர் தலைமையில் நடந்த வேலை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இதைப் பார்த்தபோது உண்மையாகவே மூச்சு நின்றது; இரும்பின் பளபளப்பும் முகத்தின் வியர்வையும் அவ்வளவு துல்லியம். கிடைக்காத காட்சிகள் வரும் இடத்தில் திரையை இருளாக்கி, வேறொரு எழுத்து வடிவில், இங்கே இன்னது நடந்தது என்று எழுதிக் காட்டுகிறார்கள். 'இது எங்களிடம் இல்லை' என்று ஒரு படம் பார்வையாளரிடம் சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதே ஆண்டு யுனெஸ்கோ தன் 'உலக நினைவுகள்' பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தது.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒரே காட்சியைப் பல கேமராக்கள் வைத்தும், மறுபடி மறுபடி எடுத்தும், மூன்று நெகட்டிவ்கள் செய்தார்கள்: உள்நாட்டுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஏனைய நாடுகளுக்கு ஒன்று. 2001 பிரதிக்கு அடிப்படை, அமெரிக்காவுக்கென்று வெட்டப்பட்ட நெகட்டிவ். ஆக, அத்தனை துல்லியமாக நாம் பார்ப்பதுகூட அன்று பெர்லின் மக்கள் பார்த்த அதே படமன்று. 'அசல்' என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மூன்றாவது பிரதியின் கதை அர்ஜென்டினாவில் தொடங்குகிறது. பியூனஸ் அயர்ஸில் ஒரு திரைப்பட மன்றத்தில் இந்தப் படத்தை ஓட்டிய அனுபவத்தை ஒருவர் சலிப்போடு சொல்லியிருக்கிறார்: சுருள் நழுவாமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததாம். இதைக் கேட்ட பெர்னாண்டோ பேனா என்ற திரை ஆய்வாளருக்குப் பொறி தட்டியது. உலகம் அறிந்த 'மெட்ரோபோலிஸ்' அவ்வளவு நேரம் ஓடாதே! அடோல்ஃபோ வில்சன் என்ற விநியோகஸ்தர், வெட்டுவதற்கு முன்பிருந்த முழுப் பிரதியை வாங்கி 1928இலேயே அர்ஜென்டினாவுக்குக் கொண்டு வந்திருந்தார். அது ஒரு விமர்சகரின் சேமிப்புக்குப் போய், பிறகு அரசு நிறுவனத்துக்குப் போய், 16 மில்லிமீட்டர் சுருளாகப் படியெடுக்கப்பட்டு, கடைசியில் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தின் அலமாரியில் கிடந்தது. 2008இல் பாவ்லா ஃபெலிக்ஸ் டிடியே அங்கே பொறுப்பேற்ற பிறகே பேனாவால் பெட்டியைத் திறக்க முடிந்தது. உள்ளே ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள், எண்பது ஆண்டுகளாக உலகம் பார்க்காதவை.

ஆனால் நிலைமை படுமோசம். தேய்ந்த சுருளைத் துடைக்காமலே படியெடுத்திருந்ததால் கீறல்கள் படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன. நம் பெரியவர்கள் சொல்வதுபோல் 'படத்தில் மழை பெய்கிறது'. சட்டத்தின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. 2010 பிப்ரவரியில் பெர்லினில் திரையிட்ட புதிய பிரதியில் புனரமைத்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முடிந்த அளவு மழையைக் குறைத்தார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். ஓரம் இல்லாத காட்சிகளைப் பெரிதாக்கித் திரையை நிரப்பவில்லை. இல்லாத இடத்தைக் கறுப்பாகவே விட்டார்கள். கோட்ஃபிரீட் ஹுப்பர்ட்ஸ் 1927இல் எழுதிய இசைக் குறிப்பேட்டில் எந்த இசைக்கு எந்தக் காட்சி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் குறித்திருந்தார். அதை வைத்து வரிசையைச் சரிபார்த்தார்கள். அப்படியும் இரண்டு காட்சிகள் அகப்படவில்லை. அவற்றுக்கு எழுத்து அட்டைதான்.

என் தீர்ப்பு இந்த மூன்றாவதற்கே. அழகில் இரண்டாவதுதான் வெல்லும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவதில் ஒவ்வொரு முறை மழை தொடங்கும்போதும், இதுதான் அவர்கள் வெட்டி எறிந்தது, இதோ திரும்பி வந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. 11811 காரில் போகும் காட்சி முழுக்க மழைதான். துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தால் அவன் தொலைந்துபோனவன் என்பதே தெரிந்திருக்காது.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1964இல் வந்த 'கர்ணன்' 2012 மார்ச்சில் டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்து, சென்னையில் நூறு நாள் கடந்து ஓடியது. 2014இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வந்தது. பழைய படத்துக்கு இளைஞர் வருவார்கள் என்று காட்டிய அந்த முயற்சிகளை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த வெற்றிக்குப் பின் எத்தனையோ படங்கள் 'புதுப் பொலிவோடு' வந்தன. அவற்றில் எந்தக் காட்சி எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த ஒலி அன்றையது, எது இன்று சேர்த்தது என்று சொல்லும் ஓர் அட்டையையாவது நீங்கள் பார்த்ததுண்டா? அகலத் திரையை நிரப்புவதற்காகச் சட்டத்தின் மேலும் கீழும் நறுக்கி விடுவதும் நடக்கிறது. அங்கே தொலைந்த ஓரத்துக்காகக் கறுப்பு இடம் விட்டுத் துக்கம் காக்கிறார்கள். இங்கே இருக்கிற ஓரத்தை நாமே வெட்டுகிறோம்.

'பாபா' 2022இல் மீண்டும் வந்தபோது படத்தொகுப்பு மாறியிருந்தது. எடுத்தவர்களே செய்தார்கள், சொல்லிவிட்டுச் செய்தார்கள். அது வேறு கணக்கு. 2025 ஆகஸ்டில் நடந்ததுதான் பயமுறுத்துகிறது. 2013இல் வந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி', செயற்கை நுண்ணறிவால் மாற்றிய முடிவோடு திரைக்கு வந்தது. செத்த நாயகன் பிழைத்துக்கொண்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் எதிர்த்தார்கள், படம் ஓடியது. இயக்குநர் உயிரோடு இருந்து கத்தும்போதே இப்படி என்றால், கத்த ஆளில்லாத 1950, 60ஆம் ஆண்டுப் படங்களின் கதி?

நம்மிடமும் ஓர் அறிவியல் புனைகதைப் படம் இருக்கிறது. ஏ. காசிலிங்கம் இயக்கி 1963இல் வெளிவந்த 'கலை அரசி'. வேற்றுக் கிரகவாசிகள் பறக்கும் தட்டில் வந்து, தங்கள் உலகில் இல்லாத இசைக்காக பானுமதியைத் தூக்கிப்போகிறார்கள், எம்.ஜி.ஆர். விண்வெளிக்குப் போய் மீட்கிறார். சிரிக்க வேண்டாம், மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படம். நான் பார்த்த பிரதியில் முகங்கள் வெளிறி, கிரகத்தின் அரங்க அமைப்பு பாதிக்கு மேல் வெள்ளை மூட்டமாகத்தான் தெரிந்தது. நாளை யாராவது இதைப் புதுப்பிக்க வரலாம். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசி, பறக்கும் தட்டைக் கணினியில் மாற்றி, 'ஹாலிவுட் தரத்தில்' என்று விளம்பரம் செய்தால் நாம் கைதட்டுவோமா? எனக்கு அந்த அட்டைத் தட்டுதான் வேண்டும்.

அட்டைத் தட்டை நல்ல நிலையில் பார்க்க நல்ல சுருள் வேண்டும். அது எங்கே? சென்னையில் மட்டும் தேடினால் போதுமா? நடராச முதலியாரின் 'கீசக வதம்' அங்கே இல்லை. 1931இல் வந்த 'காளிதாஸ்' இல்லை. 'மெட்ரோபோலிஸ்' கிடைத்தது பெர்லினில் அன்று. கடல் கடந்த ஒரு துறைமுக நகரத்தில். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் கொண்டிருந்த ஊரில் வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிலிர்த்தது. தமிழ்ப் படங்கள் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பெட்டி பெட்டியாகப் போனவை. இங்கே கொட்டகைகளில் ஓடின. தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள்.

மிகையாக நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. உரிமக் காலம் முடிந்ததும் பிரதியைத் திருப்பி அனுப்புவதோ அழிப்பதோதான் வழக்கம். இங்கு வந்த பிரதிகளைத் தணிக்கையாளர்களும் வெட்டியிருப்பார்கள். நம் வெப்பமும் ஈரமும் படச்சுருளுக்கு எமன். அசிட்டேட் சுருள் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும், பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். ஆனாலும் ஒழுங்காக நடந்திருந்தால் பியூனஸ் அயர்ஸ் பிரதியும் இருந்திருக்காது. யாரோ ஒருவர் திருப்பி அனுப்ப மறந்ததால் அல்லது மனமில்லாததால் மிஞ்சியதுதான் அது.

அதனால் நம் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கலை இரவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பங்கு போதும். கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர்கள், விநியோகக் கடை வைத்திருந்தவர்களின் குடும்பங்கள், தோட்டத்தில் படம் ஓட்டியவர்கள்: கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இவர்களைத் தெரிந்தவர்கள் நம் முன்னாள் மாணவர்களிலேயே இருப்பார்கள். ஓர் ஏடு போடுவோம். யார் வீட்டில், எந்தப் படம், எத்தனை சுருள், வினிகர் வாடை வருகிறதா இல்லையா. பெட்டி கிடைத்தால் ஆர்வக் கோளாற்றில் யாரும் கருவியில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டாம். சுருங்கிய சுருள் அறுந்துவிடும். அர்கிப் நெகாராவின் கதவையும் புனேயில் உள்ள இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கதவையும் பிறகு தட்டலாம். கிள்ளான் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பிரிக்பீல்ட்ஸுக்கு யார் வருகிறீர்கள்?