வீட்டுக்கு வந்த பழைய ஹெரால்டு

கார் விஷயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. ஆம்பிளைகள் சமாசாரம் என்று நானும் ஒதுங்கியிருக்கலாம்தான். ஆனால் அதற்குப் போன பணம் நான் கட்டிய சீட்டுப் பணம். வண்டி நிற்பது என் வீட்டு முற்றம். ஏறப் போவது என் பிள்ளைகள். பிறகு எங்கே ஒதுங்குவது?

போன தீபாவளி முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்து சேர்ந்தது. 1967-ல் பதிவான இரண்டு கதவு வண்டி. பழைய வண்டி மோகம் இப்போது பல வீடுகளில் புகுந்திருக்கிறது. உங்கள் வீட்டு ஐயாவையும் என்றைக்காவது அது பிடித்து ஆட்டலாம். அப்போது உதவுமே என்று, என் கணக்கு நோட்டில் குறித்து வைத்ததை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்கு வந்து போகும் டாக்டர் ஒருவரிடம் இந்தக் கார் இருந்ததாம். அன்றைக்கு மயங்கியவர் நாற்பது வருஷமாகத் தெளியவில்லை. "இது ஸ்போர்ட்ஸ் கார் வம்சம், தெரியும்லா?" என்பார். சும்மா அளக்கிறார் என்று நினைத்தேன். விசாரித்தால் அதில் உண்மையும் இருக்கிறது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் ஹெரால்டை வெளியிட்டது. உருவம் வரைந்தவர் மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர். அந்த ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பை வைத்து 1962-ல் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். அது 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. நம் சென்னையிலும் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டும் அங்கே ஓடியதுண்டு. 1980-களின் கடைசியில் அந்தக் கம்பெனியில் கார் செய்வதே நின்றுபோனது. ஆனாலும் முன் சக்கரத்துச் சாமான்கள் பல ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் பொதுவாக இருப்பதால், சீமையில் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அண்ணன் தம்பி ஒரே அளவுச் சட்டை போடுகிற மாதிரி.

என் மாமியாருக்கு இந்தக் கதையெல்லாம் எடுபடவில்லை. "வெங்கலப் பானைன்னா ஈயம் பூசிப் புழங்கலாம். இதை என்னத்தப் பூசிப் புழங்கப் போறீக?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. எதை முதலில் பூசுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வாங்கப் போன அன்று நான் கையில் கொண்டுபோனது ஒரு காந்தத் துண்டு. மினுமினுப்பைப் பார்க்கவே கூடாது. கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கியின் தரை என்று காந்தத்தை ஒட்டிப் பார்க்க வேண்டும். தகடு இருந்தால் கவ்விக்கொள்ளும். துருவைச் சுரண்டிப் பட்டி போட்டு மூடியிருந்தால் நழுவி விழும். அடுத்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். இந்தக் காலத்துக் கார்களுக்கு உடம்பே எலும்பு. ஹெரால்டுக்குச் சேசிஸ் தனி, உடம்பு தனி. துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டுவதுபோல இருக்கும் சட்டங்கள்தான் முதலில் துருவேறும். அதிலும் கரிசல் காட்டில் ஓடிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் நம் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறதல்லவா, அதேபோல சக்கரத்து இடுக்கில் அப்பிக்கொண்டு மாசக் கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் நல்ல இரும்பு டங்கென்று சொல்லும். கெட்டது உள்ளே போகும். எங்கள் வண்டியில் ஒரு பக்கம் உள்ளே போனது. அதைக் காட்டித்தான் விலையில் பதினெட்டாயிரம் குறைத்தோம்.

காகிதங்களையும் நானேதான் பார்த்தேன். ஆர்.சி. புக்கில் இருக்கும் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். புதுப்பித்தல் விட்டுப் போயிருக்கக் கூடாது. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கென்று 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையாவது கழுகுமலை வரை போய்வர வேண்டும் என்பது இவர் ஆசை. ஆகவே சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டோம்.

வண்டி வந்த மறுநாளே, "நல்ல சிவப்புப் பெயிண்டு அடிச்சிருவோமா?" என்று ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்து முதல் வரியில் 'பிரேக்' என்றும் கடைசி வரியில் 'பெயிண்ட்' என்றும் எழுதி அவர் முன்னால் வைத்தேன். இடையில் உள்ளது முடியாமல் கடைசி வரிக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பிரேக் ஏன் முதலில்? இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழியாகத்தான் பிரேக் ஆயில் போகிறது. ஒரு ரப்பர் ஓஸ் வெடித்தால் நாலும் போச்சு. பிறகு கைப் பிரேக்தான் கதி. அந்த ஆயிலுக்கு உப்பு ஜாடி மாதிரி ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நின்ற வண்டியில் அந்த ஈரமே உள்ளே துருப் பிடிக்க வைக்கும். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், வீல் சிலிண்டர் ரப்பர், ஓஸ், ஆயில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். பழைய ஓஸை அண்ணாச்சி மடக்கிக் காட்டினார். முறுக்கு ஒடிகிற மாதிரி விரிந்தது.

அடுத்ததை எழுதும்போது இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில், மரை போட்ட வெண்கலத் துண்டு ஒன்று இருக்கிறது. ட்ரனியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தூணின் இரும்பு மரை அதற்குள் சுழல வேண்டும். அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் இடுக்குக்குள் போகாமல் மேலே அடைத்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் வளைவில் திருப்பும்போது இரும்பு ஒடிந்து சக்கரம் மடங்கி விழும். முன்பு வண்டியைப் பார்த்த ஒரு ஒர்க் ஷாப்பில் மற்ற வண்டிகளைப்போல இதற்கும் வருஷக் கணக்கில் கிரீஸே அடித்திருக்கிறார்கள். எங்கள் அண்ணாச்சி அறுபத்தைந்து வயதுக்காரர். அந்தக் காலத்தில் ஹெரால்டு வேலை பார்த்த கை. கழற்றிப் பார்த்துவிட்டு, "தாயி, இந்தா இத வாங்கிப் பாரு" என்று இரும்பைக் கையில் கொடுத்தார். மரை இருந்த இடத்தில் கறையான் அரித்தது போலப் பள்ளம். ஸ்டியரிங் கனமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் புதிதாக வரவழைத்து மாட்ட ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை வண்டி தெருவைத் தாண்டவில்லை.

என்ஜினை அண்டிப் பார்ப்பது மட்டும் இந்த வண்டியில் சுகம். பக்கத்துத் தகடுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் பெட்டி மூடி மாதிரி முன்னோக்கித் திறந்துகொள்கிறது. டயரின் மேலே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பியும் விடும். எங்கள் சந்தில் ஆட்டோக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள்.

ரேடியேட்டர் கதை நம் அடுப்படிக் கதைதான். கோவில்பட்டிப் பக்கத்து உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அடைத்திருந்தது. இறக்கிச் சுத்தம் பண்ணி, இப்போது சுத்திகரித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றுகிறோம். இங்கே தாய்மார்களுக்கு ஒரு எச்சரிக்கை. கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ பார்க்க சர்பத் மாதிரி இருக்கும், ருசியும் இனிப்பாம். ஆனால் அது விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. கீழே சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பதற்குச் சமம்.

சித்திரை வெயிலில் இன்னொரு சேட்டை. மத்தியானம் கயத்தாறு பக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது, ஆனால் போகவில்லை. என்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பு வெறும் ஆவியைத்தான் இழுக்கும். நிழலில் நிறுத்தி, துணியை நனைத்து பம்பின்மேல் போட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பிவிட்டது. பிறகு குழாயைச் சூடுள்ள இடத்திலிருந்து தள்ளி மாட்டி, நடுவில் ஒரு தகடும் வைத்தார் அண்ணாச்சி. இப்போது பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பம்பின் டயாபரமும் ஊறிக் கெட்டுப்போகின்றன. எத்தனாலைத் தாங்கும் குழாயாகவே கேட்டு வாங்க வேண்டும். காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் பழைய வண்டி வாசனை என்று விட்டுவிடாமல் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

தை மாதம் என் மூத்த மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். சரியாக அந்த நேரம் பார்த்து, ஒரு பையனை வைத்து முற்றத்திலேயே பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்க இவர் ஏற்பாடு செய்தார். இரும்புக் கை சட்டங்களுக்குப் பற்றவைக்க வேண்டியிருந்ததால் அந்த இடங்களை மட்டுமாம். நான் வாசலில் நின்று தடுத்துவிட்டேன். அந்தக் காலத்துக் கார் பெயிண்டில் காரீயம் கலந்திருக்கும். என் மாமியார் சொன்ன, பானைக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு, இது வேறு. இந்தத் தூசி கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். தவழும் குழந்தை தரையைத் தொட்டுக் கையை வாயில் வைத்தாலே போதும். மூளை வளர்ச்சி கெடும், போனது திரும்பாது. "ரெண்டு நாள் வேலைதானேம்மா" என்றான் பையன். "உனக்கு ரெண்டு நாள். அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும்லா?" என்றேன். வண்டியை ஊருக்கு வெளியே அண்ணாச்சியின் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் காய்ந்த கடுதாசியில் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொன்னேன். முகமூடி கட்டச் சொன்னேன். இவர் போட்டுவந்த சட்டையைத் தனி வாளியில் துவைத்தேன்.

பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் ஒர்க் ஷாப்புகளில் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும். அண்ணாச்சியிடம் சொன்னபோது, "நாப்பது வருசமா ஊதிட்டேன் தாயி" என்று சிரித்தார். ஆனாலும் அதற்குப் பிறகு துணியை எடுத்தார்.

யார் யார் ஏறலாம் என்பதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எங்கள் வண்டியில் வரும்போது பெல்ட் கிடையாது. முன் சீட்டுகளுக்கு மட்டும் தரைச் சட்டத்தோடு சேர்த்துப் பெல்ட் போட்டிருக்கிறோம். பின்னால் இல்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதில் போகக் கூடாது, யார் கேட்டாலும் சரி. நாலு வழிச் சாலை வேண்டாம், ராத்திரி வேண்டாம். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஹெரால்டின் பின் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அந்த அச்சின் அமைப்பு அப்படி. பின்னால் வந்த கெஸல் காரில் அதை மாற்றிவிட்டார்கள். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்கிறார். நான் பக்கத்தில் இருக்கும்போதாவது.

மாசியில் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஹெரால்டில்தான் கூட்டி வருவேன் என்றார் தாத்தா. பெல்ட்டும் பின் சீட்டும் உள்ள வாடகைக் காரில் கூட்டி வந்தோம். ஹெரால்டு பின்னாலேயே வந்தது, பையும் ஃபிளாஸ்கும் ஏற்றிக்கொண்டு.

இதுவரை ரிப்பேருக்கு ஆன செலவு, வாங்கிய விலையில் பாதியைத் தொட்டுவிட்டது. நோட்டில் இன்னும் மூன்று வரி அடிக்காமல் கிடக்கிறது: துணி சுற்றிய பழைய ஒயர்கள், இடது கதவின் ஆட்டம், பெயிண்ட். ஒயருக்கு ஆடி கழிந்ததும் ஆள் வருகிறது.