சாகும் உரிமையும் வாழும் உரிமையும்

தீரா நோயால் அணுவணுவாய்ச் செத்துக்கொண்டிருக்கும் மனிதன், வேதனையை முடித்துவிடுங்கள் என்று கேட்டால் சமுதாயம் என்ன பதில் சொல்வது? "வினைப்பயன், அனுபவி" என்பது பழைய பதில். அதை நாம் ஏற்கவில்லை. பிறர் வேதனையிற் புண்ணியம் தேடுவது மனிதாபிமானம் ஆகாது.

கனடாவில் இக்கோரிக்கை போராடியே வென்றது. தசைகளை ஒவ்வொன்றாய்ச் செயலிழக்கச் செய்யும் நரம்புநோய்க்கு ஆளான சூ றொட்றிகஸ் என்ற பெண்மணியின் வழக்கை 1993இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிராகரித்தது. 2015இல் அதே நீதிமன்றத்தின் 9 நீதியரசர்களும் ஏகமனதாய்த் தடையைத் தகர்த்தனர். 2016இல் சட்டம் பிறந்தது. சாவை நெருங்கியவருக்கே வைத்தியர் உதவலாம் என்பது அதன் வரம்பு. இதுவரை நமக்கு மறுப்பில்லை.

கியூபெக் நீதிமன்றமொன்று 2019இல் அவ்வரம்பு செல்லாதெனத் தீர்த்தது. 2021இல் பாராளுமன்றம் அதை நீக்கியது. சாவை நெருங்காத, ஆயினும் தீராத நோயும் உடற்குறையும் உற்றோருக்கும் கதவு திறந்தது. உடற்குறையுற்றோரின் அமைப்புகள் பல இதனை எதிர்த்தன. ஏன்? துயர் தணிக்கும் சேவைகள் எவை என்று அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும், உரியவர்களோடு கலந்தாலோசிக்க வாய்ப்பளிக்கவேண்டும் என்கிறது சட்டம். நல்லது. ஆனால், வீடும் வருவாயும் பராமரிக்க ஒரு துணையும் கிடைக்கச் செய்யவேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை!

மேலும் கேளுங்கள். 2020இல் அந்நாட்டுப் பாராளுமன்ற வரவுசெலவு அதிகாரி ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். இம்மரணங்களால் 2021இல் மாகாணங்களின் சுகாதாரச் செலவில் மிச்சமாவது ஏறத்தாழ 14.9 கோடி டொலர். செலவைக் குறைக்கும் வழியாக இதைக் கொள்ளலாகாது என்றும் அவரே எச்சரித்தார். அவர் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால், நோயாளியின் வாழ்நாளைச் செலவுப் பக்கத்தில் எழுதும் அமைப்பில் 'மிச்சம்' என்ற சொல்லே அச்சமூட்டுகிறது.

"விரும்பியவர் கேட்கிறார், தடுக்க நாம் யார்?" என்பர் தாராளவாதிகள். பணமுள்ளவன் முன் பல வழிகள் உண்டு. வாடகைக்கும் மருந்துக்கும் வழியற்றவன் முன் ஒன்றே உண்டு. ஒரே வழியுள்ள இடத்தில் விருப்பம் என்ற சொல்லுக்குப் பொருளேது?

மனநோய் மட்டுமே உற்றோருக்கும் இவ்வுதவியை விரிக்கும் ஏற்பாட்டை 2024இல் இயற்றிய சட்டம் 2027 மார்ச் வரை ஒத்திவைத்தது. தள்ளிவைப்பது தீர்வாகாது. சாவின் வாயிலில் நிற்பவனின் வேதனையை நீக்குவது சமுதாயத்தின் கடன். வாழ வழியற்றவனுக்கு அவ்வாயிலைச் சுட்டிக்காட்டுவதோ கடனிலிருந்து தப்பும் தந்திரம். அவனுக்கு முதலில் வாழும் உரிமையைச் சட்டமாக்குங்கள்!