கீழடிக் கரியின் வயது என்ன?

அமெரிக்கா வரை போய் வந்த மதுரை மண்

ஒரு துண்டு கரி.

அடுப்படியில் கிடந்தால் அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விளக்குமாற்றால் கூட்டிக் குப்பையில் தள்ளிவிடுவார்கள்.

ஆனால், மதுரைக்குப் பக்கத்தில் பூமிக்குள் கிடைத்த ஒரு கரித் துண்டை அப்படித் தள்ளிவிடவில்லை. அது கிடந்த ஆழத்தை அளந்து, குறிப்பு எழுதி, பத்திரமாகப் பொதிந்து அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தார்கள். புளோரிடா மாகாணத்தில், மியாமி நகரத்தில் உள்ள "பீட்டா அனலிடிக்" என்ற ஆய்வுக்கூடம் அதைச் சோதித்தது.

கரியின் காலம் கி.மு. 580 என்று பதில் வந்தது. அதாவது, சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட கரி!

தமிழ்நாடு தொல்பொருள் இலாகா 2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்த முடிவை வெளியிட்டது. தமிழர்கள் மகிழ்ந்தார்கள். சில அறிஞர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். அன்று தொடங்கிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

கரிக்கு எப்படி வயது சொல்ல முடியும்? கருவி சொன்னதை நம்பலாமா? கருவியால் சொல்ல முடியாதது எது?

தோப்புக்கு அடியில் ஓர் ஊர்

மதுரையில் இருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோ மீட்டர் தூரத்தில், வைகைக் கரைக்கு அருகே இருக்கிறது கீழடி. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் என்றாலும், மதுரைக்காரர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி.

மத்திய தொல்பொருள் இலாகா 2013-14-ம் ஆண்டில் வைகைக் கரை ஓரமாக ஊர் ஊராகப் போய்ப் பழஞ் சின்னங்களைத் தேடியது. 293 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றுதான் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் 2015-ம் ஆண்டு அங்கே தோண்டத் தொடங்கினார்கள்.

மேலே தென்னந்தோப்பு. கீழே செங்கல் சுவர்! உறை கிணறு! கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள்! சில ஓடுகளில் பழந்தமிழ் எழுத்தில் பெயர்களும் இருந்தன. பின்னர் நூல் நூற்கும் தக்களி, தந்தத்தால் செய்த பகடைக்காய், தங்க நகை என்று வரிசையாக வந்தன.

இவை எந்தக் காலத்தவை?

முதலில் இரண்டு கரித் துண்டுகளை மியாமிக்கு அனுப்பினார்கள். அவற்றின் வயது 2,160 ஆண்டு, 2,200 ஆண்டு என்றும், இதில் 30 ஆண்டு கூடலாம் அல்லது குறையலாம் என்றும் 2017-ம் ஆண்டு பார்லிமெண்டில் மத்திய அரசாங்கம் தெரிவித்தது.

மூன்றாம் கட்டத்தோடு மத்திய இலாகா வேலையை நிறுத்திக்கொண்டது. 2018-ம் ஆண்டு நான்காம் கட்டத்தைத் தமிழக அரசாங்கம் ஏற்று நடத்தியது. அப்போது எடுத்த ஆறு மாதிரிகள் மியாமிக்குப் போயின. 200 சென்டி மீட்டர் ஆழத்தில் கிடைத்த கரி கி.மு. 205-ம் ஆண்டைக் காட்டியது. 353 சென்டி மீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிதான் கி.மு. 580-ஐக் காட்டியது.

அணுவுக்கு ஒரு தராசு

வயது பார்த்த கருவி, "மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்" என்னும் கருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அணுக்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி அது.

தங்கத்தை நிறுக்கத் தட்டாரிடம் சிறிய தராசு உண்டு. அணுவை எந்தத் தட்டில் வைப்பது?

மதுரை மாசி வீதி மூலையில் நின்றால் இதற்கு விடை கிடைக்கும். சைக்கிளில் வருகிறவர் மூலையில் சட்டென்று திரும்பிவிடுவார். சித்திரைத் தேர் அப்படித் திரும்புமா? கனமான தேரைத் திருப்ப வடம் பிடிப்பவர்கள் பாடாய்ப் பட வேண்டும்.

அணுக்களும் அப்படியே. அவற்றுக்கு மின்சாரம் ஏற்றி, வேகமாக ஓடவிட்டு, ஒரு பெரிய காந்தத்தின் நடுவே அனுப்புகிறார்கள். லேசான அணு அதிகமாக வளைகிறது. கனமான அணு குறைவாக வளைகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் வந்து விழுகிறது. எந்த இடத்தில் எத்தனை விழுந்தன என்று எண்ணினால் போதும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஜே. ஜே. தாம்சன் என்ற மேதை இதற்கு வழி காட்டினார். அவரிடம் வேலை பார்த்த ஆஸ்டன் 1919-ம் ஆண்டு கருவியைச் செம்மைப்படுத்தினார். 1922-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இந்தக் கருவி நுழையாத துறை இல்லை. ஓட்டப் பந்தய வீரர் ஊக்க மருந்து சாப்பிட்டாரா என்று அது காட்டிக் கொடுக்கிறது. பிறந்த குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்தில் நோயின் அறிகுறியைத் தேடுகிறது. 2008-ம் ஆண்டு சந்திரயான்-1 சந்திரனில் இறக்கிவிட்ட பெட்டிக்குள்ளும் இப்படி ஒரு கருவி இருந்தது. இந்தக் கருவியோடு பழகும் விஞ்ஞானிகளுக்கு நம் நாட்டில் ஒரு சங்கமே இருக்கிறது. அந்தச் சங்கம் கூட்டும் மாநாடுகளில் அணு உலைக்காரரும், மருந்துத் தொழிற்சாலைக்காரரும், மண் ஆராய்ச்சிக்காரரும் ஒரே பந்தலில் கூடுகிறார்கள்.

கரிக்குள் ஒரு கடிகாரம்

மரம் காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து வளருகிறது. அந்த வாயுவில் இருக்கும் கார்பன் அணுக்களில் பெரும்பாலானவை சாதாரண அணுக்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று மட்டும் கொஞ்சம் கனமானது. அதற்குப் பெயர் கார்பன்-14. அது நிலையில்லாதது. மெல்ல மெல்லச் சிதைந்துவிடும்.

மரம் உயிரோடு இருக்கும் வரை, சிதைவதற்கு ஈடாகப் புது அணு காற்றில் இருந்து வந்து சேரும். மரம் செத்தால் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் நடக்கும். 5,730 ஆண்டில் கையிருப்பு பாதியாகிவிடும். 2,600 ஆண்டு ஆகியிருந்தால் 100-க்கு 73 பங்கு மீதி இருக்கும். மீதியைப் பார்த்து, மரம் எப்போது செத்தது என்று கணக்குப் போடலாம்.

இந்த வழியைக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி லிப்பி. 1960-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

லிப்பியின் முறையில் ஒரு கஷ்டம் இருந்தது. அணு சிதைகிற வரை காத்திருந்து எண்ண வேண்டும். அதற்குக் கிராம் கணக்கில் கரி தேவை. ஒரு மில்லிகிராம் கரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மணிக்கு ஓர் அணு சிதைவதே அபூர்வம்! ஆனால், அதே ஒரு மில்லிகிராமுக்குள் கோடிக்கணக்கான கார்பன்-14 அணுக்கள் சும்மா இருக்கின்றன. சிதைவதற்குக் காத்திருப்பானேன்? இருப்பதையே எண்ணிவிட்டால் என்ன?

1977-ம் ஆண்டு விஞ்ஞானிகள் அதைச் செய்து காட்டினார்கள். அணுக்களை மிகப் பெரிய வேகத்துக்கு முடுக்கிவிட்டு எண்ணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பிறந்தது. அதன் பிறகு, ஒரு நெல்மணி இருந்தாலும் வயது சொல்லலாம் என்ற நிலை வந்தது.

பழனிக்கு அருகே பொருந்தல் என்ற ஊரில் அப்படித்தான் நடந்தது. பேராசிரியர் கா. ராஜன் அங்கே ஒரு பழைய புதைகுழியைத் தோண்டியபோது, ஜாடி ஒன்றில் நெல் கிடைத்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று இந்தக் கருவி சொன்னது.

கருவி சொல்லாதது

கருவி பொய் சொல்லாது. ஆனால், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

கரியின் வயது என்ன என்று கேட்டால், அந்த மரத்தின் அந்தப் பகுதி எப்போது வளர்ந்து முடிந்தது என்று சொல்லும். எப்போது அதை எரித்தார்கள் என்று சொல்லாது. நூறு வருஷம் உத்தரமாக இருந்த பழைய மரத்தைப் பிறகு அடுப்பில் வைத்திருந்தால்? கரியின் வயது அடுப்பின் வயதைவிட நூறு ஆண்டு கூடிவிடும். நெல்மணியில் இந்தத் தொல்லை இல்லை. நெல் ஒரே போகத்தில் விளைந்து முடிவது.

இரண்டாவது, பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் வயதையோ, அதில் உள்ள எழுத்தின் வயதையோ கருவி சொல்லாது. கரியும் ஓடும் ஒரே மண் அடுக்கில், ஒரே காலத்தில் விழுந்தவைதானா? எலி வளை வழியாகவோ, பின்னால் வெட்டிய குழி வழியாகவோ ஒன்று கீழே இறங்கிவிட்டதா? இதற்குப் பதில் மியாமியில் இல்லை. கீழடிக் குழிக்குள் நின்று அடுக்கைப் பார்த்து எழுதியவரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

இது சின்ன விஷயம் அல்ல. அசோகர் காலம் கி.மு. 3-ம் நூற்றாண்டு. அவருடைய கல்வெட்டுக்குப் பிறகே தெற்கே எழுத்து வந்தது என்று பலர் எழுதி வந்தார்கள். கீழடி எழுத்து கி.மு. 6-ம் நூற்றாண்டு என்று உறுதிப்பட்டால், சரித்திரத்தையே திருத்த வேண்டியிருக்கும். சர்ச்சை சூடாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது சிக்கல் விசித்திரமானது. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது இல்லை. கி.மு. 800 முதல் கி.மு. 400 வரை அந்த அளவு மாறிய விதத்தால், கடிகார முள் நகராமல் நின்றது போன்ற நிலை. கி.மு. 700-ல் செத்த மரமும், கி.மு. 450-ல் செத்த மரமும் கருவியில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக்கூடும். விஞ்ஞானிகள் இதை "ஹால்ஸ்டாட் சமதளம்" என்கிறார்கள்.

கீழடியின் கி.மு. 580 சரியாக இந்தச் சமதளத்தின் நடுவில் விழுகிறது! ஆகவே, அதை ஒரே ஓர் ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல பத்தாண்டு நீளமுள்ள காலத்துக்குள் ஒரு புள்ளி என்றே கொள்ள வேண்டும். இது கீழடிக்கு மட்டும் வந்த குறை அல்ல. அந்தக் காலத்தைச் சேர்ந்த எந்த நாட்டுக் கரிக்கும் இதே கதிதான்.

திருத்தச் சொன்ன கடிதம்

அமர்நாத் ராமகிருஷ்ணன் தம்முடைய 982 பக்க அறிக்கையை 2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் மத்திய இலாகாவிடம் கொடுத்தார். கீழடியின் காலம் கி.மு. 8-ம் நூற்றாண்டு முதல் கி.பி. 3-ம் நூற்றாண்டு வரை என்று அதில் குறிப்பிட்டார்.

இரண்டு ஆண்டுக்கு மேல் கழிந்தது. 2025-ம் ஆண்டு மே மாதம், அறிக்கையைத் திருத்தித் தரும்படி இலாகா கடிதம் எழுதியது. முதல் காலப்பகுதிக்குச் சொன்ன ஆண்டுக்குத் தக்க ஆதாரம் வேண்டும் என்பது அதில் ஒரு முக்கியக் குறிப்பு. மண் அடுக்கையும் கருவி சொன்ன வயதையும் வைத்தே எழுதியிருப்பதாகவும், மாற்ற முடியாது என்றும் அவர் பதில் எழுதினார். அடுத்த மாதமே அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது.

பிறகு கேட்க வேண்டுமா? மந்திரிகள் பேசினார்கள். தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். ஒரு பக்கம், இன்னும் ஆதாரம் வேண்டும் என்றார்கள். மறுபக்கம், தமிழனின் தொன்மையை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள்.

ஆதாரம் கேட்பது தவறு அல்ல. விஞ்ஞானத்தில் அதுதான் முறை. ஆனால், கேட்கிறவர் இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால், பதில் சொல்லும் அதிகாரியை உடனே இடம் மாற்றினால், நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். அதே போல, கேள்வி கேட்கிற அறிஞர்களை எல்லாம் தமிழுக்கு விரோதி என்று சொல்லுவதும் கீழடிக்கு உதவாது.

தீர வழி உண்டா?

உண்டு. பிற நாடுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஒரு பழைய துணி இருக்கிறது. ஏசுநாதரின் உடலைச் சுற்றிய துணி என்று பலர் நம்பி வருகிறார்கள். 1988-ம் ஆண்டு அதில் இருந்து சிறு துண்டு வெட்டி, ஆக்ஸ்போர்டு, சூரிச், அரிசோனா ஆகிய மூன்று இடங்களுக்கு அனுப்பினார்கள். மூன்று இடத்திலும் இதே வகைக் கருவி. துணி கி.பி. 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்று மூன்றும் ஒத்துச் சொல்லின. முடிவை விஞ்ஞானப் பத்திரிகையில் எண்களோடு வெளியிட்டார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால், ஒரு ஆய்வுக்கூடம் தவறு செய்துவிட்டது என்று யாரும் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

கீழடிக்கும் இதுதான் வழி. ஒரு கரியை நம்பி நிற்காமல், மேல் அடுக்கில் இருந்து கீழ் அடுக்கு வரை வரிசையாகப் பல மாதிரிகளைச் சோதிக்க வேண்டும். அடுக்கு வரிசையையும் வயது வரிசையையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டால், சமதளத்துச் சிக்கலும் ஓரளவு குறையும். மரக் கரியோடு, நெல், தானியம் போன்றவை கிடைத்தால் அவற்றையும் சோதிக்கலாம். ஒரே மாதிரியை இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பலாம். எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை ஆழம் என்ற குறிப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அச்சிடலாம். மத்திய இலாகாவின் அறிக்கையும், அதன் மேல் எழுந்த கேள்விகளும், பதில்களும் ஒரே புத்தகமாக வரலாம்.

இந்த வகைக் கருவி டெல்லியிலும் அகமதாபாத்திலும் இருக்கிறது. மதுரையிலோ, தமிழ்நாட்டின் வேறு நகரத்திலோ அப்படி ஒன்று அமைந்தால், வைகைக் கரைக் கரி கடல் கடந்து போக வேண்டியது இல்லை. நம் பிள்ளைகள் அந்தக் கருவியின் முன் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொள்ளுவார்கள். கொந்தகையில் கிடைத்த எலும்புகளை ஆராயும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

வைகைக் கரையில் கண்டுபிடித்த இடங்கள் 293. அவற்றில் கை வைத்தவை மிகச் சில. இன்னும் எத்தனையோ திடல்களுக்கு அடியில் எவ்வளவோ கரி கிடக்கிறது. மேடைப் பேச்சால் அதன் வயது ஒரு நாள் கூடவும் கூடாது. ஒரு நாள் குறையவும் குறையாது. பொறுமையாகத் தோண்டி, ஒழுங்காகக் குறிப்பு எழுதி, ஒளிக்காமல் வெளியிட வேண்டும். மதுரை மண்ணுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதுதான்.