குறட்டை நிற்கும்போதுதான் பயம்!

"தலைக்குக் குளிச்சுட்டு வரச் சொல்லுங்க. எண்ணெய் மட்டும் வைக்கவே கூடாது. மத்தியானத்துக்கு மேல டீ, காபி வேண்டாம். வழக்கமா கட்டுற கைலியே போதும். பழகின தலையணை இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க!"

தஞ்சாவூரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து போனில் வந்த குறிப்புகள் இவை. ஊசி இல்லை, வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ஓர் இரவு அங்கே படுத்துத் தூங்கிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். என் பெரியப்பாவுக்கு அதுதான் பிடிபடவில்லை.

"தூங்குறதுக்கு எதுக்கு ஆயி ஆஸ்பத்திரி? அதைத்தான் நான் இங்கேயே நல்லா செய்யிறேனே!"

செய்வார். திண்ணையில் உட்கார்ந்தால் தூக்கம். கல்யாண வீட்டு நாற்காலியில் தூக்கம். டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் பிரித்துத் தலைப்பு படிப்பதற்குள் தூக்கம். வயது 54, ஒரத்தநாடு பக்கம் நாலு ஏக்கர் நெல். குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'கும்பகர்ணன்'. டெல்டாவில் பகல் தூக்கத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மும்முனை கரன்ட் ராத்திரி வந்தால் ராத்திரி மோட்டார் போடணும். முறைத் தண்ணீர் விடியற்காலையில் வந்தால் அப்போது போய் மடை திறக்கணும். அறுவடை முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குக் காவல் படுக்கணும். 'பாவம், உழைச்ச உடம்பு' என்றே எல்லோரும் விட்டுவிட்டோம்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு, புது ஆற்றுக் கரையில் வண்டியோடு புதருக்குள் இறங்கிவிட்டார். எதிரே வண்டி வரவில்லை, நாய் குறுக்கே ஓடவில்லை. ஓட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறார். இடது பக்கம் கருவேலம் புதர், வலது பக்கம் கரை தொட்டு ஓடும் தண்ணீர். வண்டி இடது பக்கம் சாய்ந்ததால் முழங்கை சிராய்ப்போடு போனது.

மூன்று மாத்திரை போட்டும் அடங்காத பி.பி வேறு இருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் அவரிடம் அதிகம் கேட்கவில்லை. பெரியம்மாவைத்தான் கேட்டார், "குறட்டை உண்டாம்மா?"

"குறட்டை விட்டா நான் நிம்மதியாத் தூங்கிடுவேன் டாக்டர். அது நிக்கும் பாருங்க, அப்பதான் முழிச்சுக்குவேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வராது. அப்புறம் தண்ணிக்குள்ள முங்கினவரு மேல வந்தாப்ல ஒரு இழுப்பு இழுப்பாரு. அதுவரைக்கும் எனக்கு மூச்சு வராது."

நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதை மூடிக்கொள்வது. மருத்துவர் விளக்கியதைப் பெரியப்பா தன் பாஷையில் எனக்குச் சொன்னார். "மோட்டாருக்கு உறிஞ்சுற பக்கம் கெட்டிக் குழாய்தானே போடுவோம்? சாதாரண ஓஸைப் போட்டா என்னாகும், இழுக்க இழுக்கச் சப்பிக்கும். என் தொண்டை அந்த ஓஸு." இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை.

மூச்சு நின்று ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும்போது மூளை பதறி எழுப்பும். ஒரு சில நொடிகள்தான், எழுந்ததே தூங்குபவருக்குத் தெரியாது. இப்படி ராத்திரி முழுக்க நூற்றுக்கணக்கான தடவை நடந்தால் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காதவர்தான் அவர். கும்பகர்ணன் என்று நாம் சிரிக்கும் ஆள், வீட்டிலேயே குறைவாகத் தூங்குபவராக இருக்கலாம்.

பரிசோதனை இரவுக்கு வருவோம். எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். லாட்ஜ் ரூம் மாதிரி ஓர் அறை. கட்டில், ஏ.சி, சுவரில் இருட்டிலும் பார்க்கிற கேமரா. டெக்னீஷியன் தம்பி ஒரு மணி நேரம் ஒயர் ஒட்டினார். மூளையின் அலைகளைப் பார்க்கத் தலையில் (எண்ணெய் இருந்தால் பசை ஒட்டாது), கண்ணின் அசைவைப் பார்க்கக் கண்ணோரத்தில், தாடையில், நெஞ்சில், இரண்டு கால்களில். மார்புக்கும் வயிற்றுக்கும் ஒவ்வொரு பெல்ட். மூக்கில் சின்ன குழாய், விரலில் ஆக்ஸிஜன் கிளிப். கலர் கலராக ஒயர் தொங்க, "மாரியம்மன் கோயில் தேருக்கு சீரியல் லைட் போட்டாப்ல இருக்கேனா?" என்றார் பெரியப்பா.

இவ்வளவோடு யாருக்காவது தூக்கம் வருமா? எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதானாம். ராத்திரி முழுக்க ஆழ்ந்து தூங்க வேண்டிய அவசியமில்லை, சில மணி நேரம் தூங்கினாலே பெரும்பாலும் தேவையான விவரம் கிடைத்துவிடும். பாத்ரூம் போகணும் என்றால் கூப்பிட்டால் போதும். எல்லா ஒயரும் சேரும் பெட்டியை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். விளக்கை அணைப்பதற்கு முன், ஒயர்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் பக்கத்து அறையிலிருந்து மைக்கில் கட்டளை வந்தது. "ஐயா, கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்புங்க... வலது பக்கம்... காலை ஆட்டுங்க... இப்ப குறட்டை விடுற மாதிரி ஒரு சத்தம் குடுங்க." வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கித் தந்த ஒரு விஷயத்தை, ஒருத்தர் மரியாதையாகக் கேட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

பத்து நிமிடத்தில் நிஜக் குறட்டையே வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் இருந்த எங்களை டெக்னீஷியன் ஒரு நிமிடம் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மூச்சுக் காற்றின் கோடு தட்டையாகக் கிடந்தது. மார்புக் கோடும் வயிற்றுக் கோடும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உடம்பு இழுக்கிறது, காற்று உள்ளே போகவில்லை. ஆக்ஸிஜன் எண் ஒவ்வொன்றாக இறங்கியது. பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். திடீரென எல்லாக் கோடும் துள்ளியது, மைக்கில் அந்த இழுப்புச் சத்தம்.

"இதைத்தான் நான் பதினஞ்சு வருஷமாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒன்று என்று கணக்கு. மூச்சு பாதியாய்க் குறைந்து ஆக்ஸிஜன் இறங்குவதும் அந்தக் கணக்கில் சேரும். மணிக்கு 5-க்குள் இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பெரியப்பாவுக்கு 47. ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு தடவை.

இந்தப் பிரச்னை பெரியப்பாவுக்கு மட்டும் வந்ததில்லை. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்பது எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு. 'டிஸ்கோ டான்சர்' இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் இறந்தபோது, மும்பை மருத்துவமனை சொன்ன காரணம் இந்த ஸ்லீப் ஆப்னியாதான். குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் வரும் என்பதும் தப்பு. தாடை சின்னதாக உள்ள ஒல்லியான ஆட்களுக்கும் வரும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். டான்சில், அடினாய்டு வீங்கி வாயால் மூச்சுவிட்டுத் தூங்கும் குழந்தைக்குக்கூட வரும். குறட்டை விடும் எல்லோருக்கும் இது இருக்கும் என்று அர்த்தமும் இல்லை. நடுவில் விழும் அந்த மௌனம்தான் கவனிக்க வேண்டியது. அதைக் கேட்கப் பக்கத்தில் ஒருவர் படுத்திருக்க வேண்டும். தனியாகத் தூங்குகிறவர்களுக்குச் சாட்சியே இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ராத்திரி ஒன்றரை மணிக்கு டெக்னீஷியன் உள்ளே போய் மூக்கில் ஒரு மாஸ்க் மாட்டினார். முதல் பாதியிலேயே தீவிரம் தெரிந்துவிட்டால், மறுபாதியில் சிகிச்சையையும் சோதித்துவிடுவார்கள். சிபாப் என்கிற கருவி அது. அறைக் காற்றையே மெல்லிய அழுத்தத்தில் ஊதி, தொண்டை சப்பிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும். 1980-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் முதன்முதலில் செய்தபோது, வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பிப் போட்டுத்தான் ஊதவைத்தாராம். அழுத்தத்தை இன்றும் 'இத்தனை சென்டிமீட்டர் தண்ணீர்' என்றுதான் அளக்கிறார்கள். பெரியப்பாவுக்குப் பத்து. "வயல்ல கட்டுற தண்ணியை விடக் கொஞ்சம் கூட" என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

காலை ஐந்தரைக்கு எழுப்பினார்கள். தலையில் பசை, கன்னத்தில் மாஸ்க் தடம். முகம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். கண் மூடவில்லை. பசை போக இரண்டு தடவை சீயக்காய் தேய்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. மாஸ்க்கைப் பார்த்த உறவுக்காரர்கள், "ஆக்ஸிஜன் வைக்கிற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்கள். கொரோனா காலம் நம் கண்ணில் விட்டுப்போன படம் அப்படி. அது ஆக்ஸிஜன் இல்லை, வெறும் காற்று என்று சொல்லிச் சொல்லிப் பெரியம்மாவுக்கு வாய் வலித்துவிட்டது. முதல் வாரம் நடு ராத்திரியில் பிய்த்துப் போட்டார். மூக்குப் பாலத்தில் புண். மாஸ்க் அளவை மாற்றிய பிறகு பழகிவிட்டது. இப்போது பெரியம்மாதான் தூங்குவதில்லை. சத்தமே இல்லையே என்று எழுந்து, காற்று வருகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறாராம்.

பாக்கி இருப்பது கரன்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்து கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கரன்ட் இல்லாவிட்டால் இந்த மெஷின் வெறும் டப்பா. கருவி வாங்கப் போனால் விலையோடு இதையும் கேளுங்கள்: எந்த இன்வெர்ட்டரில் ஓடும், தனி பேட்டரி உண்டா, எத்தனை மணி நேரம் தாங்கும்? காற்றை ஈரப்படுத்தும் ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் வரும்.

வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. தை பிறந்தால் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வரும்வரை நாலைந்து ராத்திரி அங்கேதான் தார்ப்பாய் ஓரம் படுப்பார். அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. இந்த வருஷம் காவலுக்கு அண்ணன் திருப்பூரிலிருந்து லீவு போட்டு வருவதா, பேட்டரி வாங்குவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.